உருட்டிப் பார்த்துப் பிடுங்கு

எங்கள் கம்பெனித் தோட்டத்தின் மேற்கு வேலியோரம் போன மாதம் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். பச்சை நிறம், மூன்று மொழி. ‘மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளுக்கான இயற்கைத் தோட்டம்’ என்று எழுதி, கீழே ஒரு தேனீயை வரைந்திருக்கிறார்கள். அந்தத் தேனீ எதையோ பார்த்து மிரண்டதுபோல் இருக்கிறது. புதிதாக வந்திருக்கும் தோட்ட அதிகாரி, சின்ன வயதுப் பெண், அதைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பிவிட்டு உடனே கூப்பிட்டாள். “ஆன்ட்டி, இந்த இடம் எப்படி ஆரம்பிச்சதுன்னு இங்க யாருக்கும் சரியாத் தெரியலை. நீங்க எழுதிக் குடுங்களேன், எல்லாருக்கும் படிச்சுக் காட்டுறேன்.”

எழுதித் தருகிறேன், ஆனால் பலகையில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது என்றேன். என்ன சொல் என்று கேட்டாள். “களை” என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவைப்பதற்காகச் சொல்லவில்லை.

என் பெயர் தேசம்மா. ஆந்திராவில் நகரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாத வீடு. எட்டாவது வரைக்கும் தமிழ் மீடியத்தில் படித்தேன். பள்ளிக்கூடம் இல்லாத நாளெல்லாம் அம்மாவோடு ஊரார் வயலில் களை எடுத்தேன். வேர்க்கடலையில், கரும்பில், நெல்லில் என்று எல்லாவற்றிலும் குனிந்திருக்கிறேன். எது பயிர், எது களை என்று கண் பார்ப்பதற்கு முன்பே கை முடிவு செய்துவிடும். எனக்கு யாரும் தந்த டிரெய்னிங் அவ்வளவுதான்.

நாட்டில் வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று எல்லோரும் பேசிக்கொண்ட வருஷங்களில், ரேணிகுண்டாவைத் தாண்டி ஒரு பெரிய தொழிற்சாலை வந்தது. எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் குவைத்துக்கும் மீதிப் பேர் சென்னைக்கும் போய்க்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரரும் குவைத்தில் டிரைவர். தொழிற்சாலைத் தோட்டத்துக்குப் பெண்கள் வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து நாங்கள் பன்னிரண்டு பேர் காலை பாசஞ்சரில் ஏறினோம். கழுத்தில் மாட்டிக்கொள்ள ஆளுக்கு ஓர் அட்டை கொடுத்தார்கள். அதில் எங்கள் வேலையின் பெயர் ‘வீடர்’ என்று இருந்தது. களை எடுப்பவள் என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தை.

என் பக்கத்து ஊர்க்காரி குப்பம்மா அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “இன்னாமே இது! சொந்தமா ஒரு வூடு இல்லாதவளுக்கு வீடர்னு பேரு வெச்சிக்கீறாங்க” என்றாள். ரயில் பெட்டியே சிரித்தது. அன்றிலிருந்து எங்களுக்குள் நாங்கள் ‘வீட்டுக்காரிங்க’தான்.

எங்களுக்கு மேலே இருந்தவர் பாஸ்கர் சார். தோட்ட சூப்பரின்டெண்டன்ட். தாய்மொழி தெலுங்கு, தமிழைத் தெலுங்கில் தோய்த்துப் பேசுவார். ஒல்லி. மழை, வெயில் இரண்டுக்கும் ஒரே கறுப்புக் குடை. பாத்திக்குள் இறங்குவதற்கு முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார். யாரையும் திட்டியதில்லை. ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. முதல் மாதம் அதனால் எங்களுக்குப் பைத்தியமே பிடித்தது. காலையில் போனதும் வேலை தரமாட்டார். ஆளுக்கு ஒரு கிளாஸ் டீ கொடுத்து, அன்றைக்கு வேலை செய்யவேண்டிய இடத்துக்கு எதிரே உட்கார வைப்பார். “டீ ஆர்ற வரைக்கும் பாருங்க. மாட்லாடொத்து, பேசக் கூடாது” என்பார். டீ ஆறிய பிறகுதான் குடிக்கவேண்டும். குடித்த பிறகு, “இப்போ செப்புங்க, ஏமி பார்த்தீங்க?” என்று கேட்பார்.

சூடாக டீ குடித்துப் பழகிய எங்களுக்கு ஆறிப்போன டீயைக் குடிக்கவைப்பது பெரிய கொடுமை. குப்பம்மா ஒருநாள், “நான் ஆடை படியறதைத்தான் சார் பார்த்தேன்” என்றாள். அவர் கோபிக்கவில்லை. “அதுவும் சரே. நாளைக்குக் கொஞ்சம் தூரமா பாரு” என்றார். போகப் போக எங்களுக்கும் பழகிவிட்டது. எந்தப் பக்கம் தண்ணீர் நிற்கிறது, எங்கே எறும்பு புற்று வைக்கிறது, எந்தச் செடிக்குச் சாயங்கால வெயில் ஆகவில்லை என்பதெல்லாம் டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியின் மேனேஜருக்கு ஒரே பெண். கல்யாணமாகி அமெரிக்கா போய்விட்டாள். அவளைப் பார்க்கப் போன மேனேஜர், அங்கே அவள் வீட்டுக்குப் பின்னால் புல்வெளிக் காட்டுப் பூக்களை வளர்த்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அந்த ஊர் மண்ணில் தானாக முளைக்கிற செடிகளாம். நீர் ஊற்றவேண்டாம், மருந்து அடிக்கவேண்டாம், தேனீயும் பட்டாம்பூச்சியும் வந்து மொய்க்குமாம். திரும்பி வரும்போது பெட்டியில் துணிக்கு நடுவே விதைப் பொட்டலங்கள் கொண்டுவந்தார். மேல் அட்டையில் ஊதா இதழ்களும் நடுவே முள் உருண்டையுமாக ஒரு பூ. மேற்கு வேலியோரம் சும்மா கிடந்த நிலத்தைக் காட்டி, “இங்கே அதே மாதிரி வேணும்” என்றார்.

பாஸ்கர் சார் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த விதை பனிக்காலம் முழுக்க ஈரத்தில் குளிர்ந்து கிடந்தால்தான் நன்றாக முளைக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரேணிகுண்டாவில் பனிக்கு எங்கே போவது? ஈர மணலில் விதையைக் கலந்து கேன்டீன் ஃபிரிட்ஜில் வைத்தார். சமையல்காரர் அதை ஏதோ கெட்டுப்போன மசாலா என்று நினைத்துப் பாதியைக் கொட்டிவிட்டார். மீதி விதையில் சில முளைத்தன. நாங்கள் ஓலைத் தட்டி கட்டி, குழந்தையைப் பார்ப்பதுபோல் பார்த்தோம். கத்திரி வெயில் வந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் கருகின.

மேனேஜர் நல்ல மனிதர்தான், ஆனால் பொறுமை கிடையாது. பாஸ்கர் சாரையும் எங்களையும் நிற்கவைத்து, விஷயத்தைச் சொன்னார். மாசி மாதம் வெளிநாட்டுப் பங்குதாரர்கள் வருகிறார்கள். அதற்குள் அந்த நிலம் பூத்திருக்கவேண்டும். “அமெரிக்கப் பூ வேணாம், நம்ம ஊர்ப் பூவே போதும். ஆனா அதே மாதிரி இருக்கணும். முடியலைன்னா சொல்லிடுங்க. பெங்களூர்க் கான்டிராக்டர் மொத்தத் தோட்டத்தையும் எடுத்துக்கறேன்கிறார். புல்தரை போட்டுக் குடுப்பார்.”

கான்டிராக்டர் வந்தால் அவருடைய ஆட்களோடு வருவார். எங்கள் பன்னிரண்டு பேருக்கும் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகிற வழிதான். அந்த வருஷம்தான் என் பெண் திருப்பதியில் காலேஜில் சேர்ந்திருந்தாள். மறுபடியும் கரும்புத் தோட்டத்து வரப்பில் போய், கூலிக்கு ஆள் வேண்டுமா என்று நிற்கவேண்டியதுதான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் காலை பாஸ்கர் சார் எங்களை அந்த வெறும் நிலத்துக்கு எதிரே உட்காரவைத்தார். டீ ஆறியது. “ஏமி பார்த்தீங்க?” என்றார். ஒன்றுமில்லை என்றோம். “நான் தும்மி பார்த்தேன்” என்றார்.

தெலுங்கில் தும்மி என்றால் நம் தும்பை. எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேட்டி வெளுப்பைச் சொல்லத் தும்பைப்பூவை இழுக்காத ஆள் உண்டா? ஆனால் அதைப் பாத்தி கட்டி வளர்த்த ஆள் உண்டா? “தும்பையா? அத்தத்தான சார் தெனமும் புடுங்கிக்கினு கீறோம்” என்றேன் நான். “அதே! ரோஜூ பிடுங்கறீங்க, ரோஜூ வருது காதா? அந்த அமெரிக்கா பூவை எத்தனை கெஞ்சினோம், வந்துச்சா? இது கெஞ்சாமலே வரும். தேனீக்கு இது பெல்லம் மாதிரி” என்றார். பெல்லம் என்றால் வெல்லம்.

விதை வேண்டும். புரட்டாசி மாதம், எங்கள் பக்கத்தில் தும்பை காய்ந்து விதை கொட்டி நாளாகிவிட்டது. குப்பம்மாவின் தம்பி ஏழுமலை கங்காதர நெல்லூரில் ஆடு மேய்ப்பவன். அங்கே ஏரிக்கரையில் காய்ந்த செடி இன்னும் நிற்கும், மழைக்கு முன் தட்டி எடுத்துவிடலாம் என்றாள். அந்த ஊர் போன் பூத்துக்கு அவனை வரச்சொல்லி, பாஸ்கர் சாரே பேசினார். லைனில் ஒரே இரைச்சல். “தும்மி வித்தனாலு, எத்தனை கிடைச்சாலும் கொண்டா!” என்று அவர் கத்தியது கேட் வரைக்கும் கேட்டது.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஏழுமலை பஸ்ஸில் வந்து இறங்கினான். தலையில் ஒரு மூட்டை, பின்னால் கண்டக்டர் தள்ளிவிட்ட மூட்டை ஒன்று. தும்பை விதை கடுகளவுதான். இரண்டு மூட்டை என்றால் சித்தூர் ஜில்லா முழுக்க விதைக்கலாம். பாஸ்கர் சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. மூட்டையை அவிழ்த்தோம். உள்ளே மஞ்சள் மஞ்சளாக, நீள நீளமாக, வேலிகாத்தான் காய்.

தெலுங்கில் அதற்குச் சர்க்காரு தும்ம என்று பெயர். தும்மி பூச்செடி, தும்ம முள்மரம். ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

“நேனு தும்மி அன்னானு! தும்மின்னுதானே சொன்னேன்!” என்றார் பாஸ்கர் சார், குரலே எழும்பாமல்.

“நீங்க எங்க சார் தும்மினீங்க? நல்லாத்தான பேசினீங்க!” என்றான் ஏழுமலை. “தும்ம வித்தனாலுன்னுதான் எங்காதுல வுழுந்திச்சி. ஆடுங்க துன்ன வெச்சிருந்ததை அதுங்க வாயிலருந்து புடுங்கிக்கினு வந்துகீறேன். அதுங்க ரெண்டு நாளா எங்கிட்ட பேசல.”

நாங்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது வானம் கறுத்திருந்தது. அன்று சாயங்காலமே முதல் மழை. ஏரிக்கரையில் நின்ற கொஞ்சநஞ்சத் தும்பையும் இனி இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. ஏழுமலைக்குச் சாப்பாடு போட்டு, மூட்டையோடு திருப்பி அனுப்பினோம். ஆடுகளாவது சமாதானம் ஆகட்டும்.

மறுநாள் டீ வேளையில் யாரும் நிலத்தைப் பார்க்கவில்லை. குப்பம்மாதான் எரிச்சலோடு முணுமுணுத்தாள். “இத்தினி வருசமா கூடை கூடையா புடுங்கிப் போட்டோமே, அதெல்லாம் எங்க போச்சி? எல்லாம் அந்தக் குப்பையில தான கீது.”

பாஸ்கர் சார் டீயைக் கீழே வைத்தார். அது அவர் குடிக்காமல் வைத்த முதல் டீ. “குப்பம்மா, மறுபடியும் செப்பு” என்றார். அவள் பயந்து, “நான் ஒண்ணும் சொல்லல சார்” என்றாள். அவர் எழுந்து குடையைக்கூட எடுக்காமல் தொழிற்சாலைக்குப் பின்புறம் நடந்தார். அங்கேதான் நாங்கள் பிடுங்கிய களையெல்லாம் கொட்டி மேடாகக் கிடந்தது.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மேட்டில் ஏறி, அங்கங்கே முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். நடுவில் குப்பை மக்கிச் சூடாக இருந்தது. அந்தச் சூட்டில் விதை செத்திருக்கும் என்றார். ஓரங்களில் குளிர்ச்சியாக இருந்தது. அந்த ஓர மண்ணை மட்டும் சுரண்டச் சொன்னார். கல்லையும் குச்சியையும் பொறுக்கி, சல்லடையில் சலித்தோம். ஒரு பிடியை நனைத்த சாக்கில் பரப்பி, நிழலில் வைத்து, தினமும் தண்ணீர் தெளித்தோம். முதல் முளை தெரிந்த காலை, பன்னிரண்டு பேரும் சாக்கைச் சுற்றிக் குந்திக்கொண்டு, இதுவா அதுவா என்று சண்டை போட்டோம்.

பாத்திக்கு எரு அள்ளப் போனேன். அவர் தடுத்தார். “எருவு வேண்டாம். எருவு துன்னா கொழுத்துப்போய் எல எலயா நிக்கும், பூவை மறந்துடும்” என்றார். எரு இல்லாமல் விதைப்பது எங்களுக்குக் கூச்சமாகவே இருந்தது. சலித்த மண்ணோடு ஆற்று மணலைக் கலந்தோம். செம்மண்ணில் வெள்ளை மணல் விழுந்த இடம் தெரியும், ஒரே இடத்தில் இரண்டு முறை விழாது. கால் படாமல் இருக்கப் பின்பக்கமாக நடந்துகொண்டே தூவவேண்டும். மண்ணைப் போட்டு மூடக்கூடாது. வெளிச்சம் பட்டால்தான் அந்த விதை விழிக்கும். பலகையை வைத்து மெல்ல அழுத்திவிட்டு, பூவாளியின் வாயை வானத்தைப் பார்க்கத் திருப்பி, தூறல்போல் விழவைக்கவேண்டும். ஐப்பசி மழையும் கைகொடுத்தது. கார்த்திகையில் நிலம் பச்சை பிடித்தது.

அதோடு எங்களுக்குச் சனியும் பிடித்தது. குப்பை மண்ணில் தும்பை மட்டுமா இருக்கும்? பார்த்தீனியம், கோரை, பேர் தெரியாத முள் எல்லாம் சேர்ந்து வந்தன. அவற்றை எடுக்கவேண்டும், தும்பையை விடவேண்டும். சொல்ல எளிது. எங்கள் கைகள் பிறந்ததிலிருந்து தும்பையைப் பிடுங்கிப் பழகியவை. வாய் பேசிக்கொண்டிருக்கும், கண் பாத்தியில் இருக்கும், கை தன்பாட்டுக்குத் தும்பையைப் பிடுங்கிக் கூடையில் போட்டிருக்கும். முதல் நாள் சாயங்காலம் கூடையைக் கொட்டிப் பார்த்தால் பாதி தும்பை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் வேலையை நாங்களே பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

பாஸ்கர் சார் ஒரு தும்பை நாற்றை எடுத்து என் இரண்டு விரல்களுக்கு நடுவில் வைத்தார். “உருட்டு” என்றார். உருட்டினேன். தண்டு உருளவில்லை, தட்டித் தட்டி நகர்ந்தது. தும்பைத் தண்டுக்கு நாலு பட்டை. அத்தனை வருஷம் பிடுங்கியும் எனக்கு அது தெரியாது, பிடுங்குவதற்கு அது தேவைப்படவில்லை. “பிடுங்கறதுக்கு முன்னாடி உருட்டு. நாலு மூலைன்னா வதலேய், விட்டுடு” என்றார். கூடவே ஒரு சட்டமும் போட்டார். தும்பையைப் பிடுங்கியவர் அதைத் திரும்ப நடவேண்டும். வேலை முடிந்ததும் எல்லோருக்கும் கேட் கடையில் டீ வாங்கித் தரவேண்டும். அந்த டீயைச் சூடாகக் குடிக்கலாம்.

சட்டம் வந்ததும் ஆளுக்கு ஆள் உளவு பார்க்க ஆரம்பித்தோம். குப்பம்மா வாரம் ஒருமுறையாவது மாட்டுவாள். பாஸ்கர் சாரே ஒருமுறை, செருப்பைத் தேடியபடி நடந்தபோது, ஒரு செடியைப் பிடுங்கிவிட்டார். நாங்கள் போட்ட கூச்சலில் செக்யூரிட்டி ஓடிவந்தான். நான் மட்டும் மாட்டவே இல்லை. எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு, மறைக்கமாட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் முனிரத்தினம் என்ற விவசாயியின் நிலம். மார்கழியில் தர்பூசணி ஊன்றியிருந்தார். முந்தின வருஷம் அவருக்குக் காய் எல்லாம் கோணலாகப் போயிற்று. தேனீ வராததால் காலை வேளையில் ஆள் வைத்து, ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் தொட்டுத் தொட்டு வைத்தார். அப்படியும் பாதிக் காய் ஒரு பக்கம் வீங்கி, மறு பக்கம் சூம்பிப்போனது. அந்தக் கோபமெல்லாம் எங்கள் மேல் திரும்பியது. வேலியைப் பிடித்துக்கொண்டு கத்துவார். “பொம்பளைங்களா, களைய எடுக்க வந்தீங்களா, நட வந்தீங்களா? உங்க விதையெல்லாம் காத்துல பறந்து என் கொல்லையில வுழுந்தா எவன் எடுக்கறது?” தும்பை விதை பறக்காது, தாய்ச்செடியின் காலடியிலேயே விழும் என்று பாஸ்கர் சார் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. மேனேஜரிடமே போய்ப் புகார் சொல்லிவிட்டு வந்தார்.

தை மாதம் பூத்தது. முழங்கால் உயரத்துக்கு, அடுக்கடுக்கான உருண்டைகளில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. டீ ஆறுவதற்குள் என்னென்னவோ வந்தன. வயிற்றில் நீலக் கோடு போட்ட தேனீ, மஞ்சள் பட்டாம்பூச்சி, தெலுங்கில் தும்மெத என்கிற பெரிய கறுப்பு வண்டு. அந்த வண்டு உட்கார்ந்தால் செடியே வளையும். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை.

மேனேஜர் வந்து பார்த்தார். “இதுவா?” என்றார். பிறகு, “சரி, வர்றவங்க பார்க்கட்டும்” என்று போய்விட்டார்.

மாசியில் வர்றவங்க வந்தார்கள். மூன்று கார். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசி போட்டுக்கொண்டு வந்தார்கள். நாங்கள் புதுச் சேலை கட்டி வரிசையாக நின்றோம். முதல் காரில் இருந்த வெள்ளைக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார், பாவம், எத்தனை தூரம் பறந்து வந்தாரோ. இரண்டாவது காரில் இருந்தவர் எதிர்ப்பக்கத்தில் இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார். மூன்றாவது காரில் யார் இருந்தார்கள் என்றே தெரியவில்லை. எங்கள் ஒரு மழைக்கால உழைப்பை அவர்கள் நாங்கள் கும்பிட்ட கையை இறக்குவதற்குள் தாண்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் மேனேஜர் பாஸ்கர் சாரையும் என்னையும் கூப்பிட்டனுப்பினார். “தேசம்மா, உங்க யார் மேலயும் எனக்குக் கோபம் இல்லை. ஆனா கார்ல வர்றவங்க கண்ணுக்குத் தெரியற பூ வேணும். இது மாவு சிந்தின மாதிரி இருக்கு. பங்குனியில கான்டிராக்டர் வர்றார்” என்றார். பாஸ்கர் சார் வாதாடிப் பார்த்தார். நடக்கவில்லை. அன்று சாயங்கால ரயிலில் எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்திலும் ஒரு கோபம். பூ சரியாகத்தான் பூத்திருந்தது, பார்க்கவேண்டியவர்கள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பங்குனியில் கான்டிராக்டர் வந்தார். மருந்து அடித்து எல்லாவற்றையும் கருக்கிவிட்டுப் புல் பதிப்பது அவருடைய திட்டம். மேனேஜரும் அவரும் மேற்கு வேலியோரம் நின்று கையை நீட்டி அளந்துகொண்டிருந்தார்கள். அப்போது கேட் பக்கம் ஒரே சத்தம். முனிரத்தினம் மாட்டுவண்டியோடு செக்யூரிட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வண்டி நிறையத் தர்பூசணி. சண்டைக்கு வருகிறார் என்றுதான் நினைத்தோம். சண்டைக்குத்தான் வந்தார்.

“மேனேஜர் சார்! இங்க மருந்து அடிக்கப் போறீங்களாமே?”

“நீங்கதானே இந்தக் களையை எடுங்கன்னு புகார் சொன்னீங்க?” என்றார் மேனேஜர்.

“சொன்னேன். அப்ப சொன்னேன். இப்ப இதைப் பாருங்க.” ஒரு காயை எடுத்து இரண்டு கையாலும் சுற்றிக் காட்டினார். எங்கும் கோணல் இல்லாமல் பந்துபோல் இருந்தது. “இந்த வருசம் நான் ஒரு பூவத் தொட்டு வெக்கல. எல்லாம் உங்க வேலியில இருந்து வந்து, காலையில என் கொல்லையில வேல செஞ்சிட்டுப் போவுதுங்க. அதுங்கள வேலைய வுட்டு நிறுத்தாதீங்க சார்.”

மேனேஜர் எங்களைப் பார்த்தார். நாங்கள் பன்னிரண்டு பேர், கழுத்தில் அட்டையோடு நின்றோம்.

“கார்ல வர்றவங்களுக்கு இது தெரியலையேப்பா” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

“போவுது வுடுங்க. பறந்து வர்றதுங்களுக்குத் தெரியுதே!” என்றார் முனிரத்தினம்.

பாஸ்கர் சார் அதற்குள் கேன்டீனிலிருந்து டீ வரவழைத்துவிட்டார். மேனேஜர் கையில் ஒரு கிளாஸைக் கொடுத்து, “கூர்ச்சோண்டி சார், உட்காருங்க. ஆறட்டும்” என்றார். மேனேஜர் வெள்ளைச் சட்டையோடு சிறு சுவரில் உட்கார்ந்தார். நாங்களும் உட்கார்ந்தோம். கான்டிராக்டர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கறுப்பு வண்டு கனமாக இரைந்துகொண்டு வந்து, மேனேஜர் முழங்காலுக்கு எதிரே இருந்த பூவில் உட்கார்ந்தது. செடி தலையைச் சாய்த்தது.

“இது தும்மெத காதா?” என்றார் மேனேஜர்.

“தும்மி மீத தும்மெத, சார். தும்பை மேல வண்டு” என்றார் பாஸ்கர் சார்.

“தும்ம மட்டும்தான் சார் இங்க இல்ல. அத்த ஆடு துன்னுடுச்சி” என்றாள் குப்பம்மா.

மேனேஜருக்குக் கதை தெரியாது. சொன்னோம். ஏழுமலையின் ஆடுகள் பேசாமல் இருந்த இடத்தில் அவர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. பிறகு ஒரு பழத்தை அங்கேயே அறுத்தார்கள். கையெல்லாம் வடியச் சாப்பிட்டுவிட்டு, அவர் கான்டிராக்டரிடம், “முன்பக்கத்துப் புல்தரையை நீங்க போடுங்க, உங்க மெஷினை மட்டும் அனுப்புங்க போதும். ஆளுங்க எங்ககிட்ட இருக்காங்க. இந்தப் பக்கம் ஒரு வருஷம் பார்க்கலாம்” என்றார்.

அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. அடுத்த வருஷம் எங்கள் எல்லோரையும் நிரந்தரமாக்கினார்கள். தும்பையோடு துத்தி, நாயுருவி, ஆவாரை என்று பாஸ்கர் சார் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். மேனேஜரின் பெண் லீவுக்கு வந்தபோது அங்கே உட்கார்ந்து ஆறிய டீ குடித்தாள். என் பெண் படித்து முடித்து வேலைக்குப் போனாள். அட்டையை எத்தனையோ முறை புதுப்பித்தார்கள். வேலையின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை. நான் களையை வளர்த்து, களை எடுப்பவள் என்ற பெயரில் கடைசிவரை சம்பளம் வாங்கியவள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் ரோஜா மாலை போட்டார்கள். பெங்களூர் ரோஜா, வாசனையே இல்லை. பாஸ்கர் சார் புத்தூரிலிருந்து கைத்தடியோடு வந்திருந்தார். பேசினார்கள், போட்டோ எடுத்தார்கள். நான் கழுத்து அட்டையைக் கழற்றி ஆபீசில் கொடுத்துவிட்டு, எல்லோரும் புடைசூழக் கேட்டை நோக்கி நடந்தேன். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. நடைபாதைக் கல் இடுக்கில் பச்சையாக ஏதோ தெரிந்தது. குனிந்தேன். பிடுங்கினேன். நிமிர்ந்த பிறகுதான் விரல்கள் உருட்டின.

நாலு மூலை.

“ஐயோ!” என்று குப்பம்மா போட்ட சத்தத்தில் பாஸ்கர் சாரின் கைத்தடி கீழே விழுந்தது. “மாட்டிக்கினா! தேசம்மா மாட்டிக்கினா! இத்தினி வருசமா இதுக்குத்தாமே காத்துக்கினு இருந்தேன்!”

பாஸ்கர் சார் என் கையிலிருந்து செடியை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “வேரு ஒடையலை. நடு” என்றார். மாலையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பட்டுச் சேலையோடு குந்தி, மேற்கு வேலியோரம் அதை நட்டேன். பிறகு கேட் கடைக்கு ஆள் அனுப்பி, எல்லோருக்கும் டீ சொன்னேன். அபராத டீயைச் சூடாகக் குடிக்கலாம் என்பது சட்டம். ஆனால் அன்றைக்கு யாரும் குடிக்கவில்லை. கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் அந்தச் செடிக்கு எதிரே உட்கார்ந்து, டீ ஆறட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.